ஆலை வாசலில் ஏன் இத்தனை லாரிகள்?

வைகாசி முடியும் தறுவாயில் சித்தூர் வட்டாரத்து மாங்கூழ் ஆலைகள் கதவைத் திறக்கின்றன. ஆடி பிறந்து சில நாட்களில் வேலை ஓய்ந்துவிடுகிறது. இடைப்பட்ட சில வாரங்களுக்குள் ஒரு ஜில்லாவின் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் டிராக்டரிலும் லாரியிலும் ஏறி அந்தக் கதவுகளுக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைவதற்கு முன் வெளியே நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் நாள் கணக்கில் கிடைத்தது. முந்திய ஆண்டின் கூழ் விற்காமல் ஆலைகளில் தேங்கிக் கிடந்தது. காயோ மரம் கொள்ளாமல் காய்த்திருந்தது. விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய் கொடுக்கட்டும், அரசு 4 ரூபாய் கொடுக்கும், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு ஒரு கணக்குப் போட்டது. வெளிமாநிலத்துப் பெங்களூரா சித்தூருக்குள் வரக் கூடாது என்று ஜூன் 7ஆம் தேதி ஜில்லா கலெக்டர் உத்தரவிட்டார். 11ஆம் தேதி கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதினார். இவை யாவும் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தன. காய் ஏற்றிய வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர்களைப் பற்றிய செய்தி சின்ன எழுத்தில் வந்தது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்தச் சின்ன எழுத்துச் செய்தியைத்தான்.

ஏனெனில் அந்த வரிசையில் நின்றவர்களில் நம்மவர்கள் குறைவல்ல. காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வந்து சித்தூரில் வண்டி ஓட்டுகிறவர்கள், காய் இறக்கும் சுமைத் தொழிலாளர்கள், கிளீனர்கள், எடைமேடைக் குமாஸ்தாக்கள் என்று ஆலை வாசலைச் சுற்றித் தமிழ்க் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். விலையைப் பற்றிப் பேச விவசாயிக்குச் சங்கம் உண்டு, கட்சிகள் உண்டு. காத்திருக்கும் நேரத்தைப் பற்றிப் பேச யாரும் இல்லை. மாங்காய் பருவம் முடிந்தால் ஆலை வாசல் வெறிச்சோடும்; ஆனால் காத்திருப்பு தீராது. சிமெண்ட் கிட்டங்கி வாசலிலும் தானியக் கிடங்கு வாசலிலும் தொழிற்பேட்டை வாசலிலும் ஆண்டு முழுவதும் அதே கதைதான்.

வண்டி நின்றால் நஷ்டம் யாருக்கு என்று பார்ப்போம். டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் பேட்டா. மாதம் பத்து நடை அடிக்க வேண்டியவன் ஏழு நடையோடு நின்றால், மூன்று நடைப் பணம் அவன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து போகிறது. வண்டிச் சொந்தக்காரருக்குத் தவணை நிற்பதில்லை. விவசாயிக்குக் காய் அடியில் வெந்து கசிகிறது. ஆனி வெயிலில் தார்பாய்க்குக் கீழே குவிந்து கிடக்கும் காய் எத்தனை நாள் தாங்கும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுமைத் தொழிலாளிக்கோ டன் கணக்கில் கூலி. வாசலில் நூறு வண்டி நின்றாலும் உள்ளே வந்த வண்டிக்குத்தான் காசு. பகலெல்லாம் சும்மா உட்கார்ந்துவிட்டு, இரவில் ஒரேயடியாகப் பத்து வண்டி உள்ளே வந்தால் இடுப்பு ஒடிய இறக்க வேண்டும்.

நஷ்டமே இல்லாத ஒருவர் உண்டு. அவர் ஆலைக்காரர். வாசலில் நிற்கும் வண்டி அவருக்கு வாடகையில்லாத கிட்டங்கி. உள்ளே இயந்திரம் ஒரு நிமிடம் கூடக் காய் இல்லாமல் நிற்காது என்பதற்கு வெளியே நிற்கும் வரிசைதான் உத்தரவாதம். அது மட்டுமா? மூன்று நாள் நின்று காய் கசியத் தொடங்கிய விவசாயி விலை பேசும் நிலையில் இருக்கமாட்டார். கேட்ட விலைக்குக் கொட்டிவிட்டுப் போவார். ஆலைக்காரர்கள் எல்லாரும் வேண்டுமென்றே வண்டிகளை நிறுத்தி வைக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. நிற்பதால் தமக்கு ஒரு காசும் செலவில்லை என்னும்போது, அதைத் தீர்க்க எவருக்கும் அவசரம் வராது என்றுதான் சொல்கிறோம். மனித சுபாவம் அது.

ரயில்வேயைப் பாருங்கள். ரேணிகுண்டா பக்கம் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வாகன் வந்து நின்றவுடன் சரக்கை இறக்க இத்தனை மணி நேரம் இலவசம் என்று ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் விழும். அதனால்தான் ரேக் வருகிறது என்ற தகவல் கிடைத்த உடனே ஏஜெண்ட் ஓடுகிறார். நடுராத்திரியானாலும் மேஸ்திரி ஆள் திரட்டுகிறார். லாரிகள் முன்கூட்டியே வந்து நிற்கின்றன. வாகன் என்பது இரும்பு. அதற்குப் பசியில்லை, தூக்கமில்லை, ஊரில் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அந்த இரும்பு காத்திருந்தால் மணிக்கணக்கில் கட்டணம். மனிதன் ஓட்டி வந்த லாரி காத்திருந்தால் மட்டும் கட்டணமில்லை. 'ஹால்டிங்' என்று ஒன்று லாரித் தொழிலில் பேச்சில் உண்டு என்பது மெய்தான். பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் எழுத்திலும் உண்டு. ஒற்றை லாரி வைத்திருப்பவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அடுத்த லோடு அவருக்குக் கிடைக்காது.

சட்டமும் இந்த நேரத்தைச் சரியாகக் கண்டுகொண்டதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. வேலை நேரம் எது என்று விளக்கும் இடத்தில், முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு உட்பட்டதை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்தது. பதினைந்து நிமிடம்! அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பஸ் ஸ்டாண்டை மனத்தில் வைத்து எழுதினார்கள் போலிருக்கிறது. மாங்கூழ் ஆலை வாசலை அவர்கள் பார்த்திருக்க நியாயமில்லை.

கூட்டம் அதிகம், இடம் குறைவு, என்ன செய்வது என்று கையை விரிப்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆலையில் காய் இறக்க எட்டு மேடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி இறக்க ஒரு மணி நேரம். அப்படியானால் நாள் முழுவதும் வேலை நடந்தால் 192 வண்டிகள் இறங்கலாம். அன்று வருவதோ 120 வண்டிகள்தான். இடம் தாராளம், வரிசையே கூடாது. ஆனால் அந்த 120 வண்டிகளில் 60 வண்டி, 'முந்தினால் இடம்' என்று விடியற்காலை நாலு மணிக்கே ஒன்றாக வந்து நின்றால், கடைசி வண்டி உள்ளே போக ஏழு மணி நேரம் ஆகும். பிற்பகலில் வருகிறவன் அந்த மிச்சத்தோடு சேர்ந்து நிற்பான். பின்னிரவில் மேடை காலியாகக் கிடக்கும். இடம் போதாமல் வந்த வரிசை அல்ல இது. எல்லாரும் ஒரே நேரத்தில் வந்ததால் வந்த வரிசை. ஏன் ஒரே நேரத்தில் வருகிறார்கள்? முதலில் வந்தவனுக்கு முதலிடம் என்று விதி வைத்தால் எல்லாரும் முதலில் வரத்தானே பார்ப்பார்கள்?

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. எடைமேடையில் வேலை பார்க்கும் நம் குமாஸ்தாக்களைக் கேட்டால் தெரியும். ஒவ்வொரு வண்டியும் இரண்டு தடவை எடைமேடை ஏற வேண்டும். காயோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. தடவைக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரே எடைமேடை உள்ள ஆலையில் மணிக்கு ஆறு வண்டிக்கு மேல் போக முடியாது. இறக்கும் மேடை எட்டு என்ன, பதினாறு கட்டினாலும் ஆறுதான். லட்சக்கணக்கில் செலவழித்து மேடையை நீட்டிவிட்டு, 'இன்னும் வரிசை குறையவில்லையே' என்று ஆச்சரியப்படும் முதலாளிகள் எல்லா ஊரிலும் உண்டு. குடத்தின் வாய் குறுகியிருக்கையில் வயிற்றைப் பெரிதாக்கி என்ன பயன்? காலி வண்டிக்கு வேறொரு எடைமேடை வைத்தால் அதே நாளில் எடை போடும் வேகம் இரட்டிப்பாகும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றுதான். வண்டிக்கு வரிசையில் இடம் கொடுக்காதீர்கள். வருவதற்கு நேரம் கொடுங்கள்.

இது விவசாயப் பொருளுக்கு ஒத்துவராது என்று ஒரு ஆட்சேபம் உடனே எழும். மாங்காய் மணி பார்த்தா முற்றுகிறது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் கரும்பை மறந்துவிட்டார்கள். சர்க்கரை ஆலைகளில் 'வெட்டு உத்தரவு' என்ற ஒரு சீட்டு உண்டு. எந்த விவசாயி எந்த நாளில் கரும்பு வெட்ட வேண்டும் என்று ஆலையே எழுதிக் கொடுக்கும். வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தால் எடையும் போகும், சர்க்கரைச் சத்தும் போகும். அந்த நஷ்டத்தில் ஆலைக்கும் பங்கு உண்டு. பங்கு இருப்பதால்தான் ஆலையே முன்வந்து சீட்டு எழுதுகிறது. அதில் குறைபாடுகள் ஏராளம், சிபாரிசுக்குச் சீட்டு கிடைத்த கதைகளும் ஏராளம் என்பது தெரிந்ததே. ஆயினும் நிலத்தில் விளையும் பொருளுக்கு நாள் குறிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. சித்தூர், ரேணிகுண்டா பக்கத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஓடிய காலத்தில் அங்கே கரும்பு வண்டி ஓட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெங்களூரா காய் கரும்பைவிடப் பொறுமைசாலி. பறித்த பிறகு சில நாள் பழுக்க வைத்துத்தான் கூழ் எடுக்கிறார்கள். நிழலில் காற்றோட்டமாக இருந்தால் காத்திருக்கும். தார்பாய்க்குள் வெந்தால்தான் காத்திருக்காது.

நேரம் குறித்து ஆளை அழைப்பது என்ன என்பதைத் திருப்பதிக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டாம். வைகுண்டம் மண்டபங்களில் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த காலம் போய், சுதர்சனம் என்று கையில் பட்டை கட்டி நேரம் குறித்துத் தந்தார்கள். பிறகு நேரம் குறித்த சர்வ தரிசன டோக்கன் வந்தது. அந்த நேரம் வரும்வரை பக்தர் குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். வரிசை குறைந்ததோ இல்லையோ, நின்று வீணாகும் நேரம் குறைந்தது.

ஆனால் அதே திருப்பதி கசப்பான பாடம் ஒன்றையும் தந்திருக்கிறது. 2025 ஜனவரி 8ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் வாங்க முன்னிரவே கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். தரிசன வரிசையில் அல்ல, டோக்கன் வாங்கும் வரிசையில். வரிசையை ஒழிக்க வந்த டோக்கனுக்கே ஒரு வரிசை நின்றால், தொல்லை ஒழியவில்லை. வேறு தெருவுக்குக் குடி போயிருக்கிறது, அவ்வளவுதான். 2025 பருவத்தில் மாங்காய்க்கும் டோக்கன் கொடுத்தார்கள். நேரம் எழுதாத டோக்கன் வரிசை எண்ணைத் தவிர வேறொன்றுமில்லை. அதை வாங்க ஓர் அலைச்சல், வாங்கிய பிறகு ஆலை வாசலில் ஒரு காத்திருப்பு. டோக்கன் விவசாயி வீட்டுக்கே டெலிபோனில் வர வேண்டும்; அதில் எந்த நாள், எந்த இரண்டு மணி நேரத்துக்குள் என்று எழுதியிருக்க வேண்டும்; அந்த நேரத்துக்கு வந்தால் உள்ளே விட்டாக வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2002இல் ஒரு சட்டம் செய்தது. துறைமுக வாசலில் லாரி அரை மணிக்கு மேல் இயந்திரம் ஓடியபடி நிற்க நேர்ந்தால் துறைமுக முனையத்துக்கு 250 டாலர் அபராதம். லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் டீசல் புகையில் திணறியதால் வந்த சட்டம் அது. முன்பதிவு ஏற்பாடு செய்த முனையத்துக்கு விலக்கு உண்டு என்றும் சேர்த்தார்கள். உடனே பல முனையங்கள் முன்பதிவு என்று பெயருக்கு ஒன்றை ஆரம்பித்தன. பதிவு செய்த லாரியும் பதிவு செய்யாத லாரியும் ஒரே வரிசையில்தான் நின்றன. பிற்பாடு ஆராய்ந்தவர்கள் வரிசை குறைந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் பாட்டனி துறைமுகத்தில் 2010-11 வாக்கில் வேறு விதமாகச் செய்தார்கள். குறித்த நேரத்துக்கு லாரி வராவிட்டால் லாரிக்காரர் முனையத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வந்த லாரியை முனையம் காக்க வைத்தால் முனையம் லாரிக்காரருக்குப் பணம் கட்ட வேண்டும். தராசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடியது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது முறை.

நம் பக்கத்திலேயே வரிசை மறைந்த அதிசயம் ஒன்றைக் கண்ணாரப் பார்த்திருக்கிறோம். காட்பாடியிலிருந்து சித்தூர் வருகிற வழியில் எல்லைச் சோதனைச் சாவடியில் விற்பனை வரிக் காகிதத்துக்காக லாரிகள் அணிவகுத்து நின்றது நேற்றைய கதை போலிருக்கிறது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, வரிச் சாவடிகள் போயின, அந்த வரிசையும் போயிற்று. 'லாரி என்றால் நிற்கத்தான் வேண்டும், அது அதன் தலையெழுத்து' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பிறகு பேசவில்லை. எல்லையில் மிச்சமான நேரத்தைத்தான் இப்போது ஆலை வாசலில் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜி.எஸ்.டி.யோடு வந்த இ-வே பில்லைப் பற்றிச் சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் கணக்கு எழுதும் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் ஆயுள். கெடு முடிவதற்குள் வாசலுக்கு வந்துவிட்ட லாரி, உள்ளே விடப்படாமல் நின்றே கெடுவைக் கடந்துவிடலாம். எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ள வழி உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு அதை யார் செய்வது? டிரைவர் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போன் செய்வார், அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கும். காக்க வைத்த கம்பெனியின் கேட்டிலேயே வந்து சேர்ந்த நேரத்தைப் பதிந்து கொடுத்தால் இந்தச் சங்கடத்தில் பாதி தீரும். உதிரிப் பாகங்கள் மணிக்கணக்குப்படி வந்து சேர வேண்டிய மோட்டார் தொழிலில் லாரிக்கு நேரம் குறிப்பது எல்லா நாட்டிலும் சகஜம். அங்கே பாகம் வராவிட்டால் நிற்பது தொழிற்சாலை. நஷ்டம் முதலாளிக்கு என்றால் கடிகாரம் தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது.

இன்னொரு ஆட்சேபத்தையும் பார்த்துவிடலாம். வண்டி வழியில் பழுதானால்? மழை பிடித்துக் காய் பறிக்க முடியாமல் போனால்? அதற்காகத்தான் இரண்டு மணி நேர அவகாசம். எட்டு மேடையில் ஒன்றிரண்டை நேரம் தவறியவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தால் போதும். எல்லா மேடைக்கும் நெருக்கமாக நேரம் குறித்துவிட்டால் ஒரு வண்டி தாமதமானாலும் அன்று முழுவதும் சங்கிலியாகத் தாமதம் தொடரும். கொஞ்சம் இடம் காலியாக இருப்பது வீண் அல்ல. இதை முதலாளிகளுக்குப் புரிய வைப்பதுதான் கஷ்டம்.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. கேட்டில் யாரை முன்னே விடுவது என்பது ஒரு மனிதரின் கையில் இருக்கும்வரை, அந்தக் கைக்குள் ஏதாவது வைக்க ஆள் வருவார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் பல சமயம் நம் ஊர்க் குமாஸ்தாதான். வாங்குகிறவர் சிலர். வாங்காமலே திட்டு வாங்குகிறவர் பலர். தெரிந்த டிரைவர் 'அண்ணே, நம்ம ஊரு வண்டிண்ணே' என்பார். உள்ளூர்க்காரர் 'தமிழ் வண்டியை மட்டும் விடுகிறான்' என்பார். நேரம் டோக்கனில் எழுதப்பட்டு, பலகையில் எல்லாரும் பார்க்கத் தெரிந்தால் அந்த மனிதர் இரண்டு பேரிடமிருந்தும் தப்பிப்பார். அடுத்த மாநிலத்தில் பிழைக்க வந்தவருக்கு இது சிறிய லாபமல்ல.

சட்டமும் அபராதமும் வரும்போது வரட்டும். கலெக்டர் அலுவலகத்தில் மாங்காய் விலை பேச ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் ஆலைக்காரர்களையும் விவசாயிகளையும் கூப்பிடுகிறார்கள். அந்த மேசையில் லாரி, டிராக்டர்காரர்களுக்கும் சுமைத் தொழிலாளர்களுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஆலை இவ்வளவு தர வேண்டும் என்று, விலையோடு சேர்த்து அங்கேயே எழுத வேண்டும். எட்டு மணி என்பது மிகத் தாராளமான கெடு, நாளடைவில் குறைத்துக்கொள்ளலாம். நிற்கிற இடத்தில் பந்தலும் குடிநீரும் கக்கூசும் ஆலையின் செலவில் இருக்க வேண்டும். ரோட்டோரத்தில் விளக்கில்லாமல் வண்டிகள் நிற்பதைப் போலீஸார் அனுமதிக்கக் கூடாது. இரவில் பின்னால் வந்து மோதுகிறவனும் நம்மைப் போன்ற ஒரு டிரைவர்தான்.

அதற்கு முன் காசு செலவில்லாமல் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு ஆலையிலும் கேட் புத்தகத்தில் வண்டி நம்பர் எழுதுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் மூன்று நேரங்களை எழுதட்டும்: வாசலுக்கு வந்த நேரம், உள்ளே போன நேரம், வெளியே போன நேரம். மணிக்கு எத்தனை வண்டி உள்ளே போகிறது, வெளியே எத்தனை நிற்கிறது என்று தெரிந்தால், இப்போது வருகிறவர் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது சாதாரண வகுத்தல் கணக்கு. மணிக்கு 8 வண்டி போகிறது, 40 வண்டி நிற்கிறது என்றால் 5 மணி நேரம். அதை ஒரு கரும்பலகையில் எழுதி, ஆலைக்கு இரண்டு மைல் முன்னாலேயே ரோட்டோரம் வைக்கட்டும். தெலுங்கிலும் தமிழிலும் எழுதட்டும். பார்க்கிற டிரைவர், வண்டியை மரத்தடியில் ஒதுக்கிவிட்டு நாலு மணி நேரம் தூங்கப் போவார்.